ஃபுசுமா கதவில் வெண்பியோனி: ஜப்பானிய மரபில் மலரோவியம் தீட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மரபு வீடுகளிலும் மடாலயங்களிலும் ஓர் அறையையும் அடுத்த அறையையும் பிரித்து நிற்பது ஃபுசுமா எனப்படும், பக்கவாட்டில் நகரும் கதவு. மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டங்கட்டமாகப் பின்னி, இருபுறமும் தாளைப் பல அடுக்காக ஒட்டிச் செய்யப்படும் அந்தக் கதவு வெளிச்சத்தை விடாது. வெளிச்சம் உள்ளே வருவதற்கென்று ஒற்றைத் தாள் ஒட்டிய ஷோஜி என்னும் கதவு தனியே உண்டு. ஃபுசுமாவின் மேல் தீட்டப்படும் ஓவியத்துக்கு ஃபுசுமா-எ என்று பெயர்.

இந்த மரபின் தலைசிறந்த வேலைகள் பெரும்பாலும் கியோட்டோவில் இருக்கின்றன. டைடோகுஜி மடாலயத்தின் ஜுகோ-இன் கிளையில் கானோ எய்டொகு 1566இல் தீட்டிய 16 கதவுகளில், வலப்பக்கத்துப் பிளம் மரத்தில் இளவேனில் தொடங்கி, அறையைச் சுற்றிப் பருவங்கள் நகர்கின்றன. சிஷாகு-இன் கோவிலில் ஹசேகாவா தோஹாகுவின் மேப்பிள் மரமும், அவர் மகன் க்யூசோவின் செர்ரி மரமும் இருக்கின்றன. அன்றைய ஜப்பானின் ஆட்சியாளர் டொயொடோமி ஹிதேயோஷி, 1591இல் இறந்த தம் சிறு மகனுக்காக எழுப்பிய கோவிலுக்கென்று அவை தீட்டப்பட்டன. க்யூசோ 1593இல், இருபத்தாறாம் வயதில் இறந்துபோனார். டைகாகுஜி கோவிலில் கானோ சன்ராகு தங்கப் பின்புலத்தில் தீட்டிய பியோனிகள் 18 கதவுகளில் விரிகின்றன. கியோட்டோவுக்கு வெளியே, ஷிகோகு தீவின் கோதோஹிரா ஆலயத்தில் இதோ ஜகுச்சூ 1764இல் ஓர் அறை முழுவதும் ஒவ்வொரு பூவையும் தனித்தனியே, செடியியல் ஏட்டில் வைத்ததுபோல வரிசையாகத் தீட்டி வைத்திருக்கிறார்.

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது நான்கு கதவுகள் கொண்ட ஒரு தொகுதி. பொருள், ஜப்பானியர் போதான் என்று அழைக்கும் பியோனி. அதிலும் வெள்ளைப் பியோனி. இந்த மரபின் வெள்ளை நிறத்தைக் கையாளத் தெரிந்தவருக்கு மற்ற நிறங்கள் எளிதில் வசப்படும் என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன். பின்புலம் முழுவதும் தங்கரேக்கு ஒட்டாமல், தாளின் இயல்பான நிறத்தை விட்டு, தங்கத்தூளால் மூடுபனி மட்டும் காட்டுவோம்.

முதற்படி: கதவைப் பார்ப்பது

தூரிகையைத் தொடுமுன் கதவின் முன் தரையில் உட்கார வேண்டும். டாட்டாமி பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கதவின் உயரமோ ஏறக்குறைய 175 முதல் 180 செ.மீ.; அகலம் 85 முதல் 95 செ.மீ. நின்றபடி மேசையில் வரைந்த ஓவியத்தைக் கதவில் ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தால், நெற்றி உயரத்தில் நாம் வைத்த முக்கியப் பூ பார்வைக்கு மேலே எங்கோ மிதக்கும். பழைய மடாலயங்களில் பூக்களும் பாறைகளும் கதவின் கீழ்ப்பாதியில் அடர்ந்தும் மேற்பகுதி காலியாகவும் இருப்பதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்தது, கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் விதம். நான்கு கதவுத் தொகுதியில் நடுவிலுள்ள இரண்டும் நம் பக்கத்துத் தடத்திலும், ஓரத்திலுள்ள இரண்டும் பின்தடத்திலும் ஓடும். வலமிருந்து இடமாக அவற்றை 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓவியத்தின் வரிசையும் வலமிருந்தே தொடங்குகிறது. வழிவிடத் திறக்கும்போது 2ஆம் கதவு 1ஐ மூடும், 3ஆம் கதவு 4ஐ மூடும். அதாவது, திறந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டாருக்குத் தெரிவது 2உம் 3உம் மட்டுமே, அதுவும் நடுவில் ஓர் இடைவெளியோடு, தம் இடத்திலிருந்து விலகி. ஆகவே, நான்கும் சேர்ந்து ஒரே காட்சியாக நிற்க வேண்டும். அந்த நடு இரண்டும் மட்டும் தெரியும்போதும் குறைப்பட்டதாகத் தோன்றக் கூடாது. ஒரு பெரிய பூவை 2க்கும் 3க்கும் நடுவே பாதிப்பாதியாக வைப்பவர், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூ பிளப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிளை, நீரோடை, மூடுபனி ஆகியவை எல்லையைத் தாண்டலாம். பூவின் முகம் தாண்டக் கூடாது.

மூன்றாவது, ஹிகிதே எனப்படும் உலோகக் கைப்பிடிக் குழி. கதவின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஓரத்தை ஒட்டி அது அமையும். ஓவியத்தாள் கதவில் ஒட்டப்பட்ட பிறகே அதற்கான துளை வெட்டப்படுவதால், வரையும்போது அது கண்ணில் படாது. என் முதல் தொகுதியில் மூன்று வாரம் உழைத்துத் தீட்டிய பூ ஒன்றின் மகரந்தப் பகுதி அப்படியே வட்டமாக வெட்டுப்பட்டு, அங்கே பித்தளைக் குழி வந்து உட்கார்ந்தது. கதவு செய்பவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்று முதல் மாதிரி வரைபடத்தில் நான்கு வட்டங்களைச் சிவப்பு மையால் போட்ட பிறகே மற்ற எதையும் தொடுகிறேன்.

இரண்டாம்படி: பொருள்களைச் சேர்ப்பது

தாளில் இரண்டு வகை ஏற்றவை. ஒன்று, ஃபுகுயி மாகாணத்தின் எசிசென் பகுதியில் செய்யப்படும் தொரினொகோ. முட்டை என்று பொருள்படும் அந்தப் பெயர், முட்டையோட்டின் மங்கிய மஞ்சளைப் போன்ற அதன் நிறத்தால் வந்தது. கம்பி என்னும் செடியின் நாரால் ஆன அதன் பரப்பு வழுவழுப்பானது, பூச்சியும் எளிதில் அரிக்காது. மற்றொன்று, அதே எசிசெனில் சணல் வகை நாரையும், கோசோ எனப்படும் காகித மல்பெரி மரத்தின் நாரையும் கலந்து செய்யப்படும் குமொஹதா. தடிப்பானது, கனமான கனிம வண்ணத்தையும் தாங்கும். இது 97 செ.மீ.க்கு 188 செ.மீ. அளவில் ஒரே தாளாகக் கிடைப்பதால், ஏறக்குறைய 90 செ.மீ. வரை அகலமுள்ள கதவுக்கு ஒட்டுப்போடாமல் ஒரு தாள் போதும். முதன்முறை செய்பவருக்கு நான் சொல்வது குமொஹதாவைத்தான்.

வண்ணங்கள் பொடியாகவே வாங்கப்படும். அசுரைட் கல்லை அரைத்த நீலமும், மாலகைட் கல்லை அரைத்த பச்சையும் இரண்டு தூண்கள். இரண்டும் செம்புத் தாதுக்கள். பொடியின் துகள் அளவுக்கு எண் உண்டு: 5ஆம் எண் மணல்போல் சொரசொரப்பாகவும் நிறம் ஆழ்ந்தும் இருக்கும், 13ஆம் எண் மாவுபோல் மெலிந்து வெளிறியிருக்கும். ஒரே கல்தான், துகள் சிறுக்கச் சிறுக்க நிறம் வெளுக்கிறது. ஆகவே, வெளிர் பச்சை வேண்டுமானால் பச்சையில் வெள்ளையைக் கலப்பதில்லை. இன்னும் மெல்லிய துகளுள்ள பச்சைப் பொடியை எடுக்கிறார்கள். சிவப்புக்கு நம் மருத்துவ ஏடுகள் சாதிலிங்கம் என்று சொல்லும் அதே பாதரசக் கல் பயன்படுகிறது. அதையும் ஈயச் சிவப்பையும் கையாளும்போது முகமூடி அணிவதும், தூரிகையை வாயில் வைத்து முனை கூட்டும் பழக்கத்தை அறவே விடுவதும் கட்டாயம்.

வெள்ளைக்கு கோஃபுன். சிப்பி ஓடுகளைப் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் போட்டு உளுக்க வைத்து, அரைத்து, நீரில் அலசிப் படியவைத்து எடுக்கும் பொடி அது. கியோட்டோவை அடுத்த ஊஜி வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது.

இவை அனைத்தையும் தாளோடு பிணைப்பது நிகாவா, அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வதன் தூய வடிவம். 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் என்ற கணக்கில் முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் காலை வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து, 60 முதல் 70 டிகிரி சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்துவிட்டால் பிடிப்புப் போய்விடும். கரைத்ததைத் துணியில் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் வரும். நாற்றம் மாறினால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

தூரிகைகளில், கோட்டுக்கு நீண்ட மெல்லிய முனையுடைய மென்ஸோவும், நிறத்துக்கு நடுத்தரமானவை மூன்று நான்கும், நிறத்தைக் கரைத்து இழுக்கத் தனியே இரண்டும், பெரும்பரப்புக்கு அகலத் தூரிகையும் போதும். கூடவே வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் ஒரு டஜன், பீங்கான் கலுவம் ஒன்று, மைக்கல், மைக்கட்டி.

மூன்றாம்படி: பூவைப் படிப்பதும் மாதிரி வரைவதும்

பியோனியை நேரில் பார்த்து வரைவதற்கு இணையில்லை. கிடைக்காதவர் நல்ல நிழற்படங்களைப் பல கோணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை இவை: இதழ் ஓரம் வழவழப்பாக இல்லாமல், கிழிந்த பட்டுப்போல் ஒழுங்கற்று நெளிகிறது, வெளியிதழ்கள் தளர்ந்து விரிய, உள்ளிதழ்கள் மகரந்தத்தைச் சுற்றிக் கிண்ணமாகக் குவிகின்றன, இலை மூன்று மூன்றாகப் பிரிந்து, நுனியில் மறுபடியும் பிளவுபடுகிறது. பூவின் கனத்தால் தண்டு சற்றுச் சாய்வதையும் தவறவிடக் கூடாது. நேராக நிமிர்ந்து நிற்கும் பியோனி காகிதப்பூவைப்போல் தெரியும்.

முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் நான்கு கதவையும் ஒரே தாளில் வரைந்து, அதை நான்காக வெட்டி, விரல்களால் நகர்த்திப் பாருங்கள். 2ஐ 1இன் மேலும், 3ஐ 4இன் மேலும் ஏற்றுங்கள். கூட்டம் எங்கே, வெறுமை எங்கே என்று அந்தத் துண்டுத்தாள்கள் உடனே காட்டிவிடும். என் வழக்கம், 1இல் பாறையும் அதனடியில் இரண்டு மொட்டும், 2இல் முழுதாய் விரிந்த பூ ஒன்றும் பாதி விரிந்தது ஒன்றும், 3இன் பெரும்பகுதி மூடுபனியும் உள்ளே நீண்டுவரும் ஓர் இலைக்கொத்தும், 4இல் சற்றுத் தொலைவில் மீண்டும் ஒரு பூ. மூன்றாம் கதவைக் காலியாக விடும்போது ஏதாவது நிரப்பலாமா என்று கை துடிக்கும். விட்டுவிடுங்கள், திறந்த நேரத்தில் 2இன் பூவுக்கு எதிரே அந்த வெறுமை நிற்கும்போது அதன் வேலை தெரியும்.

பிறகு முழு அளவில் மாதிரி வரைய வேண்டும். கரித்துண்டால் வரைந்து, சுவரில் மாட்டி, உட்கார்ந்து பார்த்து, திருத்தி, இறுதிக் கோட்டை மையால் உறுதிசெய்யுங்கள். இந்த இரண்டு மாதிரிகளுக்குச் செலவிடும் நாள்கள், வண்ணம் தீட்டும் நாள்களுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கனிம வண்ணத்தை வைத்த பின் அழிப்பதற்கு வழியில்லை.

நான்காம்படி: தாளுக்குப் பதம் கொடுப்பது

பதம் கொடுக்காத தாளில் மை வைத்தால் மல்துணியில் விட்டதுபோல் பரவும். அதைத் தடுக்க நிகாவாவும் படிகாரமும் கலந்த நீரைத் தாளின் இருபுறமும் பூசுகிறார்கள். அந்த நீருக்குப் பெயர் டோசா; தமிழ்க் காதுக்குப் பசியெடுக்கும் பெயர்தான் என்றாலும் தோசைக்கும் அதற்கும் உறவில்லை. 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் நிகாவா, 5 கிராம் படிகாரம் என்று தொடங்கலாம். நிகாவாவைக் கரைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே, வெந்நீரில் தனியே கரைத்த படிகாரத்தைச் சேர்க்க வேண்டும்.

தாளைக் கம்பளித் துணியின் மேல் விரித்து, அகலத் தூரிகையால் முதலில் பின்புறத்தில், ஒரே திசையில், பூசிய இடத்தையே திரும்பத் தேய்க்காமல் இழுத்துச் செல்லுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு முன்புறம். வெயில் அடிக்கும் வறண்ட நாளாக இருக்க வேண்டும். உலர்ந்த தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால், அது உடனே உறிஞ்சப்படாமல் மணியாக நிற்க வேண்டும். படிகாரம் மிகுந்தால் தாள் பளபளத்து, காலப்போக்கில் நொறுங்கும். குறைந்தால் திட்டுத் திட்டாக மை இறங்கும். ஈரத்தில் கிடந்து பதம் போன தாளை, ‘தாளுக்குச் சளி பிடித்துவிட்டது’ என்று ஜப்பானியர் சொல்வார்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதம் சுருட்டி வைத்திருந்த என் தாளொன்றுக்கு அந்தச் சளி பிடித்தது. கோடு போட்ட பிறகுதான் தெரிந்தது. வரைவதற்குச் சில நாள் முன்பு பதம் கொடுத்து, உலர்ந்ததும் பயன்படுத்திவிடுவதே பாதுகாப்பு.

பதமிட்ட தாளை லேசாக ஈரப்படுத்தி, ஓரத்தில் மட்டும் மாவுப் பசை தடவிப் பலகையில் ஒட்டினால், உலரும்போது முரசுத்தோல்போல் இறுகும். கதவின் அளவைவிட நாற்புறமும் மூன்று நான்கு செ.மீ. கூடுதல் தாள் இருக்க வேண்டும். முக்கியமான எதுவும் அந்தக் கூடுதல் பகுதிக்குள் போகாமல் பென்சிலால் எல்லை குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம்படி: படியெடுப்பதும் கோடிழுப்பதும்

மெல்லிய தாளின் ஒரு பக்கத்தில் கரிப்பொடியையோ காவிப்பொடியையோ தேய்த்து, அதை மாதிரிக்கும் ஓவியத்தாளுக்கும் இடையே வைத்து, மழுங்கிய முனையால் கோடுகளின் மேல் அழுத்தி வரைந்தால் படி இறங்கிவிடும். அதிகம் அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பின்னால் கனிம வண்ணம் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கும்.

கோடு மைக்கல்லில் புதிதாக உரைத்த மையால் இழுக்கப்படும். இதழுக்கு வெளிறிய மை, தண்டுக்கும் இலைக்கும் சற்றுக் கருத்த மை. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, விரல்களை அசைக்காமல், தோளிலிருந்து முழுக்கையையும் நகர்த்துங்கள். இதழோரத்தின் நெளிவில் கோடு தடித்தும் மெலிந்தும் போவதால் இதழ் திரும்பும் இடம் தானாகத் தெரியும். கோடே போடாமல் நிறத்தாலேயே உருவம் காட்டும் ‘எலும்பில்லா’ முறையும் உண்டு. சோதாட்சு என்னும் ஓவியரின் வழியில் வந்த ரின்பா மரபு ஓவியர்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். தொலைவில் நிற்கும் 4ஆம் கதவின் இலைகளுக்கு அது பொருந்தும்.

ஆறாம்படி: தங்கத்தூள் மூடுபனி

வண்ணம் தீட்டுமுன் இதை முடிப்பது வசதி. கனாசாவா நகரில் அடித்துச் செய்யப்படும் தங்கரேக்கு 10.9 செ.மீ. சதுரத் தகடாகக் கிடைக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். மூச்சுவிட்டால் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டே தொட வேண்டும்.

ஒரு முனையில் மெல்லிய வலை கட்டிய மூங்கில் குழாய்க்குள் ரேக்கை இட்டு, மூடுபனி வேண்டிய இடத்தில் நீர்த்த நிகாவாவைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே குழாயை மேலே பிடித்து உள்ளே விறைப்பான தூரிகையால் கிளறினால், தங்கம் தூளாகி உதிரும். குழாயை உயர்த்தினால் தூள் பரவலாகவும், தாழ்த்தினால் அடர்த்தியாகவும் விழும். பூக்கள் இருக்கும் இடத்தை முன்பே தாள் வெட்டி மறைத்துக்கொள்ளுங்கள். சற்று உலர்ந்ததும் மேலே ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் படியவைத்து, முழுவதும் உலர்ந்த பின் மெல்லிய டோசாவை ஒருமுறை பூசிவிட்டால் தூள் உதிராது.

எவ்வளவு தூள் என்பதை நல்ல மின்விளக்கின் கீழ் முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கதவுகள் ஷோஜியின் வழியே பக்கவாட்டில் நுழையும் மங்கிய வெளிச்சத்தில் பார்க்கப்படுபவை. விளக்கை அணைத்து, ஒரு பக்க ஜன்னல் ஒளியில், தரையில் உட்கார்ந்து பார்த்தால் போதுமென்று நினைத்த இடத்தில் போதாமலும், போதாதென்று நினைத்த இடத்தில் மிகையாகவும் தெரியும்.

ஏழாம்படி: இலையும் தண்டும்

பச்சைக் கனிமத்தை வெறும் தாளின் மேல் வைக்கக் கூடாது. அவுரி நீலத்தையும் தாவர மஞ்சளையும் கலந்த மெல்லிய பச்சையையோ, கோஃபுன் கலந்த மண்பச்சையையோ முதலில் பூசி உலரவிடுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். துகள்களுக்கு இடையே வெறும் தாள் எட்டிப்பார்க்காது என்பது ஒன்று. செம்புப் பச்சை நீண்ட காலத்தில் தாளைப் பழுப்பாக்கி அரித்துவிடும் என்பது மற்றொன்று. பழைய ஓவியங்களில் பச்சை இருந்த இடம் மட்டும் கருகினாற்போல் தெரிவது இதனால்தான்.

கிண்ணத்தில் பொடியைப் போட்டு, சில சொட்டு நிகாவாவை விட்டு, நடுவிரலால் களிபோலக் குழைத்து, பிறகே நீர் சேர்க்க வேண்டும். சொரசொரப்பான எண்களுக்குப் பசை சற்றுக் கூடுதலாக வேண்டும். இல்லையேல் உலர்ந்தபின் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால், மேல் அடுக்கின் பசை கீழ் அடுக்கைவிட வலுவாக இருக்கக் கூடாது. வலுவாக இருந்தால் அது உலரும்போது சுருங்கிக் கீழ் அடுக்கையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். துகள் கிண்ணத்தின் அடியில் படிந்துகொண்டே இருப்பதால், தூரிகையைத் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கலக்கி எடுங்கள்.

இலையின் மேற்புறத்துக்கு 9 அல்லது 10ஆம் எண் பச்சை, திரும்பிய அடிப்புறத்துக்கு மிக வெளிறிய எண். நரம்புக் கோட்டின் மேல் நிறம் ஏறாமல், இருபுறமும் ஒரு மயிரிழை இடம் விட்டுத் தீட்டினால், முன்பு இழுத்த மைக்கோடு அப்படியே நிற்கும். 1ஆம் கதவின் பாறைக்கு, ஈரமான மையின் மேல் பச்சையைச் சொட்டவிட்டுத் தானாகப் பரவவிடும் தராஷிகொமி முறையைப் பயன்படுத்தலாம்; பலகை கிடைமட்டமாக இருக்க வேண்டும், சொட்டு விட்டபின் கை சும்மா இருக்க வேண்டும்.

எட்டாம்படி: வெள்ளை இதழ்கள்

கோஃபுனைத் தயாரிப்பதே ஒரு தனி வேலை. பொடியைக் கலுவத்தில் கட்டியில்லாமல் அரைத்து, நிகாவாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசைந்து, உருண்டையாக்கிக் கிண்ணத்தில் நூறு முறை அறைய வேண்டும். நூறு என்பது சும்மா சொல்லும் எண்ணில்லை. முப்பதில் நிறுத்தினால் பசை சீராகச் சேராமல் வெள்ளை வெடிக்கும். அறைய அறைய உருண்டை மழமழவென்று ஆகி, காது மடலின் மென்மைக்கு வரும். அதை நீளத் திரட்டி, கிண்ணத்தில் தட்டையாக அழுத்தி, வெந்நீரை ஊற்றிச் சில நிமிடம் வைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீர் விட்டு விரலால் சிறிது சிறிதாகக் கரைத்தால், பால்போன்ற வெள்ளை இறங்கும். அன்றன்று தயாரித்ததை அன்றன்றே பயன்படுத்துவது நல்லது.

இப்போது ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். இரண்டு தூரிகைகளை ஒரே கையில் பிடியுங்கள். ஒன்றில் நீர்த்த கோஃபுன், மற்றொன்றில் வெறும் நீர். இதழின் நெளிந்த ஓரத்தில், மைக்கோட்டுக்குச் சற்று உள்ளே, கோஃபுனை ஒரு மெல்லிய பட்டையாக வையுங்கள். உடனே தூரிகையை மாற்றி, நீர்த்தூரிகையால் அந்தப் பட்டையின் உள்விளிம்பை இதழின் அடியை நோக்கி இழுத்துக் கரையவிடுங்கள். வைத்த கணத்தில் ஏதும் தெரியாது; ஈரத்தில் கோஃபுன் கண்ணாடிபோல் இருக்கும். உலர உலர வெண்மை மேலே வரும். முதன்முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான்: தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வைப்பார்கள், அரைமணி கழித்து இதழ் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். பாலில் பாதி நீர் கலந்த அளவுக்கு நீர்த்து, ஒவ்வோர் அடுக்கும் நன்றாக உலர்ந்த பின், நான்கைந்து முறை இப்படியே செய்யுங்கள். ஓரம் ஒளிர்ந்து, அடிப்பகுதியில் தாளின் மஞ்சள் மெல்லத் தெரியும் நிலையில் இதழுக்குக் கனம் வந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இதழ்களில், அடுத்தடுத்த இரண்டை ஒரே நேரத்தில் தீட்டாமல், ஒன்றுவிட்டு ஒன்றாகச் செல்ல வேண்டும். ஈரமும் ஈரமும் தொட்டால் ஓரம் கலைந்துவிடும்.

உள்ளிதழ்களின் அடியில் மிக நீர்த்த செந்நிறத்தை ஒரே ஒருமுறை கரைத்துவிடலாம். வெள்ளைப் பூ என்றாலும், அந்தச் சாயல் இல்லாவிட்டால் நடுப்பகுதி உள்வாங்காது.

ஒன்பதாம்படி: மேடாக எழுப்புவது

சிஷாகு-இன்னின் செர்ரிப் பூக்கள் தாளிலிருந்து புடைத்து நிற்கின்றன. க்யூசோ ஒவ்வோர் இதழையும் கெட்டியான கோஃபுனால் தடிப்பாக எழுப்பியிருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சம் படும்போது அவற்றுக்கு நிழல் விழுகிறது. மொரியாகே எனப்படும் இந்த முறையைப் பியோனியில் இதழ் முழுவதும் பயன்படுத்தினால் பூ மாவுப்பண்டம்போல் ஆகிவிடும் என்பது என் கருத்து. மகரந்தப் பொட்டுகளுக்கும், முன்னால் வரும் இரண்டு மூன்று இதழ்களின் ஓரத்துக்கும் மட்டும் போதும்.

கெட்டித் தயிர்ப் பதத்துக் கோஃபுனைத் தூரிகை நுனியில் எடுத்து, தாளைத் தூரிகை தொடாமல் சொட்டு மட்டும் தொடும்படி வைக்க வேண்டும். ஒரே தடவையில் உயரம் வேண்டுமென்று பெரிய சொட்டை வைத்தால், மேல்தோல் முதலில் உலர்ந்து, உள்ளே ஈரம் சுருங்க வெடிப்பு விழும். இரண்டு மூன்று தடவையாக எழுப்புங்கள். நன்றாக உலர்ந்த பொட்டுகளின் மேல் மஞ்சளையும், அதன் உச்சியில் நிகாவாவில் குழைத்த தங்கப் பொடியையும் வைத்தால் மகரந்தம் முடிந்தது. இறுதியாக, வண்ணத்தில் மறைந்துபோன கோடுகள் இருந்தால் அவற்றை மட்டும் மீண்டும் இழுத்துக்கொள்ளலாம்.

பத்தாம்படி: கதவில் ஏற்றுவது

தீட்டிய தாளைக் கதவில் ஒட்டும் வேலை, தாள் ஒட்டும் கைவினைஞருடையது. முடிந்தவரை அவரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவாவது கதவின் உட்புறத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மரச்சட்டத்தின் மேல் முதலில் ஒட்டப்படும் உறுதியான தாள், சட்டங்களைக் கட்டி நிறுத்துகிறது. அதன்மேல், வைக்கோல் மழைக்கோட்டைப்போல் ஓரம் மேல் ஓரமாக அடுக்கப்படும் தாள்கள் கனத்தைத் தருகின்றன. அதற்கும் மேல், சிறு தாள்களின் ஓரத்தில் மட்டும் பசை தடவி, நடுவில் காற்று நிற்கும்படி பைபோல ஒட்டப்படும் அடுக்கு வருகிறது. நம் ஓவியத்தாள் ஒட்டப்படுவது இந்த மிதக்கும் அடுக்கின் மேல். தட்பவெப்பம் மாறும்போது மரம் அசைந்தாலும் ஓவியம் இழுபட்டுக் கிழியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஓவியத்தைப் பலகையிலிருந்து வெட்டி எடுத்த பின் மடிக்கக் கூடாது. சுருட்ட நேர்ந்தால், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, பருத்த குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். உட்புறமாகச் சுருட்டினால் எழுப்பிய பொட்டுகள் நசுங்கி உதிரும். ஹிகிதேயின் இடத்தையும், எந்தத் தாள் எந்தக் கதவு என்பதையும் தாளின் பின்புறத்தில் எழுதி, சிறிய மாதிரி வரைபடத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள். முத்திரை இடுவதாக இருந்தால், 1ஆம் கதவின் வலக் கீழ்மூலையிலோ 4இன் இடக் கீழ்மூலையிலோ, மரச்சட்டம் மறைக்காத அளவு உள்ளே தள்ளி வைக்கலாம்.

அரக்குப் பூசிய சட்டமும் கைப்பிடியும் பொருத்திய கதவுகள் வந்ததும் 1ஐயும் 4ஐயும் முதலில் பின்தடத்தில் ஏற்றி, பிறகு 2ஐயும் 3ஐயும் முன்தடத்தில் ஏற்றுங்கள். நகரும்போது முன்கதவின் பின்பக்கம் பின்கதவின் ஓவியத்தில் உரசுகிறதா என்று, இடையில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். மொரியாகே உள்ள இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் செய்யும். உரசினால் தடத்தைச் சீர்செய்யும்வரை கதவைத் திறக்க வேண்டாம். தூசிக்கு மென்மையான உலர்ந்த அகலத் தூரிகை மட்டும். ஈரத்துணி ஒருபோதும் படக்கூடாது. வீட்டுக் குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் முதல் நாளே பித்தளைக் குழியைக் காட்டி, விரல் அதில்தான் பட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.